நிலவறையில் பிறந்த நாதம்

நாடாண்டவர்களின் வரலாறுகள் நம் கல்லூரி நூலகத்தில் வரிசை வரிசையாக நிற்கின்றன. விடுதலைக்குப் பாடுபட்ட தலைவர்கள், நோய்க்கு மருந்து கண்ட மேதைகள், காவியம் படைத்த கவிஞர்கள் ஆகியோரின் வாழ்க்கைகளும் அங்கே இருக்கின்றன. ஒலிபெருக்கி செய்து விற்ற ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது விடுதியில் என் அறைத் தோழர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. ஒலிபெருக்கி என்றால் நமக்குத் திருவிழாப் பந்தலும் தேர்தல் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். காதைப் பிளக்கும் அந்தக் குழாய்களுக்கும் மேதைமைக்கும் என்ன தொடர்பு?

நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தக் குழாய் அன்று. அறையின் மூலையில் அடக்கமாக அமர்ந்து, வீணையை வீணையாகவும், புல்லாங்குழலைப் புல்லாங்குழலாகவும் நம் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒலிபெருக்கியைப் பற்றியே நான் பேச வந்தேன். அதைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கில்பர்ட் பிரிக்ஸ். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். வார்ஃப்டேல் என்ற பெயரை ஒலிபெருக்கிப் பெட்டிகளில் பார்த்திருப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கக்கூடும். அந்தப் பெயரைச் சூட்டியவர் அவரே.

ஒரு பலகையும் ஒரு துளையும்

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு பலகை. இயற்பியல் மாணவனாகிய எனக்குப் பழைய வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஆறு அங்குல ஒலிபெருக்கி ஒன்று கிடைத்தது. கம்பிகளை இணைத்து மேசைமேல் வைத்துக் கேட்டேன். பாடகரின் குரல் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அறவே இல்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை எறிந்துவிட எண்ணினேன். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர்தான் தடுத்தார். ஓர் அகலமான பலகையை எடுத்துவந்து, நடுவில் வட்டமாக ஒரு துளை போட்டு, அதில் அதைப் பொருத்தச் சொன்னார். பொருத்தினேன். அதே ஒலிபெருக்கி, அதே பாட்டு. ஆனால் மிருதங்கம் பேசத் தொடங்கிவிட்டது!

விளக்கம் எளிதுதான். கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன. நீண்ட அலைகளாகிய தாழ்ந்த சுரங்கள் இவ்வாறு பிறந்த இடத்திலேயே மடிந்துபோகின்றன. பலகை இருந்தால் பின்னலை முன்னுக்கு வர வழி நீளுகிறது. தாழ்ந்த சுரம் பிழைத்துக்கொள்கிறது. இதைப் பாடப்புத்தகத்தில் குறுக்கீட்டு விளைவு என்று படித்துத் தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனால் ஒரு துளை போட்ட பலகைதான் அதை எனக்குப் புரியவைத்தது. இப்படிப் பலகையும் துளையுமாகப் பாடம் நடத்தியவர் யாரேனும் உண்டா என்று தேடியபோதுதான் பிரிக்ஸைக் கண்டேன்.

கம்பளி நகரத்து மனிதர்

கில்பர்ட் பிரிக்ஸ் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். அவர் வாழ்ந்து வளர்ந்த பிராட்ஃபோர்டு வட்டாரம் அந்நாளில் உலகத்தின் கம்பளிச் சந்தை. ஆலைப் புகைபோக்கிகள் வானத்தை மறைத்த ஊர் அது. அங்கே பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் நூலுக்கும் துணிக்கும் இடையே தம் வாழ்நாளைக் கழித்தார்கள். பிரிக்ஸும் அவ்வாறே ஜவுளித் தொழிலில் நுழைந்து, நாற்பது வயதை எட்டும்வரை அதிலேயே இருந்தார்.

இங்கே ஒன்றை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். இயற்பியல் ஆராய்ச்சியாளரும் அல்லர். அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, பியானோ இசையின்மீது தீராத பற்று. மற்றொன்று, கேட்டதைக் கேட்டபடி ஒப்புக்கொள்ளும் நேர்மையான காது. பியானோ ஒலிபெருக்கிக்கு மிகக் கடுமையான தேர்வு வைக்கும் கருவி. கம்பியைச் சுத்தியல் தாக்கும் கூர்மை, பலகை அதிரும் ஆழம், ஒலி மெல்லத் தேய்ந்து மறையும் நயம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அது பியானோ. இல்லையேல் தகரப் பெட்டி. பியானோவை நன்கு அறிந்த ஒருவரை மோசமான ஒலிபெருக்கியால் ஏமாற்ற முடியாது.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அதன் அலை உலகெங்கும் பரவியது. கம்பளித் தொழில் படுத்துவிட்டது. பிராட்ஃபோர்டில் ஆலைகள் அடங்கின. நாற்பதைக் கடந்த ஒரு ஜவுளிக்காரருக்கு அந்நாளில் வேறு எந்தக் கதவு திறந்திருக்கும்? நம் ஊரில் நெசவு நலிந்தபோது தறியை விற்றுவிட்டு வெளியூர் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். பிரிக்ஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. தம் வீட்டு நிலவறைக்குள் இறங்கினார்.

நிலவறையில் ஒரு தொழிற்சாலை

அவர் வீடு இல்க்லி என்னும் சிற்றூரில் இருந்தது. வார்ஃப் என்ற ஆறு பாயும் பள்ளத்தாக்கு அது. பள்ளத்தாக்கை அவ்வட்டார வழக்கில் டேல் என்பார்கள். 1932-இல் தம் வீட்டு நிலவறையில் முதல் ஒலிபெருக்கியை அவர் செய்து முடித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. தம் முயற்சிக்குப் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார். அவர் மனைவி எட்னா அத்தொழிலில் தொடக்கம் முதலே துணை நின்றார்.

சுழல் கம்பிச் சுருளைக் காந்தத்தின் இடுக்கில் அசையவிட்டு ஒலி எழுப்பும் எண்ணம் பிரிக்ஸுக்குச் சொந்தமானதன்று. 1898-இலேயே ஆலிவர் லாட்ஜ் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் அதைச் செம்மைப்படுத்தி, இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தார்கள். எனவே பிரிக்ஸ் தொடங்கியபோது அறிவியல் ஆயத்தமாக இருந்தது. அதைப் பொறுமையாகச் செய்து, கேட்டு, கலைத்து, மறுபடி செய்யும் கைகள்தாம் தேவைப்பட்டன.

பிராட்ஃபோர்டு வானொலிச் சங்கம் ஆண்டுதோறும் ஒலிபெருக்கிப் போட்டி நடத்திவந்தது. பிரிக்ஸ் தம் ஒலிபெருக்கிகளை அங்கே கொண்டுபோனார். முதற்பரிசும் இரண்டாம் பரிசும் அவருக்கே கிடைத்தன. நிலவறையில் ஒரு ஜவுளிக்காரர் செய்தவற்றை ஊரார் காதுகள் தேர்ந்தெடுத்தன. 1933-இல் பிராட்ஃபோர்டில் ஒரு சிறு பட்டறையை அமைத்தார். 1939-இல் போர் மூளும் காலத்தில் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 ஒலிபெருக்கிகள் உருவாகிக்கொண்டிருந்தன. பிற்காலத்தில் தொழிற்சாலை அமைந்த இடத்தின் பெயர் ஐடில். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் சோம்பியிருத்தல் என்று பொருள். சோம்பல் என்று பெயர் கொண்ட ஊரில் அவர் இடைவிடாது உழைத்தார் என்பதை நினைத்து நான் பலமுறை புன்னகைத்திருக்கிறேன்.

ஒரே கூம்பின் கதை

பிரிக்ஸ் செய்தவற்றில் வீட்டில் பெட்டி செய்வோர் பெரிதும் நாடியவை முழுவீச்சு ஒலிபெருக்கிகள். கடைக்காரர்கள் இவற்றை ஃபுல் ரேஞ்ச் என்பார்கள். தாழ்ந்த சுரம் முதல் உச்ச சுரம் வரை எல்லாவற்றையும் ஒரே கூம்பு ஒலிப்பது இதன் இலக்கணம். சொல்ல எளிது, செய்வது கடினம். ஏன் என்று பார்ப்போம்.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் கொண்ட உச்ச சுரத்தின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. தாழ்ந்த சுரத்துக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். ஆகவே கூம்பு பெரிதாக இருக்க வேண்டும், தாராளமாக ஆட வேண்டும். உச்ச சுரத்துக்கு நொடிக்குப் பல்லாயிரம் முறை திரும்ப வேண்டும். ஆகவே கூம்பு சிறிதாகவும் லேசாகவும் இருக்க வேண்டும். யானையின் பலமும் சிட்டுக்குருவியின் துடிப்பும் ஒரே உடலில் வேண்டும் என்று கேட்பதுபோன்றது இது.

இந்த முரண்பாட்டோடு அந்நாளில் பலர் போராடினார்கள். லண்டனில் பால் வாய்ட் என்ற பொறியாளர் பெரிய கூம்பின் நடுவில் மற்றொரு சிறு கூம்பை ஒட்டினார். உச்ச சுரங்களில் பெரியது ஓய்ந்துகொள்ள, சிறியது வேலை செய்யும். பிரிக்ஸ் தம் ஒலிபெருக்கிகளில் வேறு சில வழிகளைக் கையாண்டார். சுருளைச் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பியில் சுற்றினார். அலுமினியம் செம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் லேசானது. எடை குறையும்போது உச்ச சுரம் துலங்குகிறது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையத்துக்குத் துணியைப் பயன்படுத்தினார். விறைப்பான காகித விளிம்பைவிடத் துணி விளிம்பு தாராளமாக ஆட இடங்கொடுக்கும். கூம்பின் ஓரத்துக்கு ஓடிவரும் அதிர்வைத் திருப்பி அனுப்பாமல் தன்னுள் வாங்கிக்கொள்ளவும் செய்யும். எட்டு அங்குல அளவுள்ள சூப்பர் 8 என்ற வகை வீட்டில் செய்வோரிடையே நிலைத்த பெயர் பெற்றது. பின்னாளில் அதிலும் இரட்டைக் கூம்பு வந்து சேர்ந்தது.

துணியைப் பற்றி அறிந்த ஊரில் துணி விளிம்பு ஒலிபெருக்கி பிறந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஒரு தொழில் நம்மைக் கைவிட்டாலும், அதில் நம் விரல்கள் கற்றுக்கொண்டது நம்மைக் கைவிடுவதில்லை.

தம் கருத்தைத் தாமே கடந்தவர்

பிரிக்ஸின் வாழ்க்கையில் என்னைப் பெரிதும் சிந்திக்கவைத்த கட்டம் 1945. ஒரே கூம்பால் புகழ்பெற்ற அவர், அவ்வாண்டில் வேலையை இரண்டு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த இருவழி ஒலிபெருக்கியை உருவாக்கினார். தாழ்ந்த சுரங்களைப் பெரியதற்கும், உயர்ந்த சுரங்களைச் சிறியதற்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்று அதில் இருந்தது. பிரிட்டனில் அவ்வகையில் அது ஒரு முன்னோடி. அளவில் பெரியது, ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பாரம்.

சாதாரண வணிகராக இருந்தால் என்ன செய்திருப்பார்? தாம் விற்றுவந்த பொருளே தலைசிறந்தது என்று இறுதிவரை சாதித்திருப்பார். அல்லது புதியது வந்தவுடன் பழையதைப் பழித்திருப்பார். பிரிக்ஸ் இரண்டையும் செய்யவில்லை. பெரிய இசையரங்கின் வீச்சைக் கொண்டுவர ஒரே கூம்பு போதாது என்பதைக் காது சொன்னபோது ஏற்றுக்கொண்டார். அதே சமயம், சிறிய அறையும் சிறிய வருவாயும் உள்ளவர்களுக்கு ஒரே கூம்பின் எளிமை பெரிய வரம் என்பதையும் மறக்கவில்லை. பிரிக்கும் சுற்று வேண்டாம், கணக்கும் குறைவு, ஒலி முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் பாடகர் ஒருவரே நம்முன் நின்று பாடுவதுபோல் இருக்கும். எனவே இரண்டு வகைகளையும் தொடர்ந்து செய்துவந்தார்.

முழுவீச்சா, பலவழியா என்று ஒலிப்பிரியர்கள் இன்றும் அணி பிரிந்து வாதிடுகிறார்கள். கேள்வி எந்த அணி வெல்லும் என்பதன்று. எந்த அறைக்கு, எந்தக் காதுக்கு, எந்தப் பணப்பைக்கு எது பொருந்தும் என்பதே. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் தம் செயலால் இதற்கு விடை சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம்.

ஆசிரியர் இல்லாத வகுப்பறை

1948-இல் ஒலிபெருக்கிகளைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். பதிப்பித்ததும் அவர் நிறுவனமே. நல்ல ஒலி எதனால் வருகிறது, எப்படி வருகிறது என்று எளிய மொழியில் விளக்கும் நூல் அது. பலமுறை மறுபதிப்புக் கண்டது. 1958-இல் ஐந்தாம் பதிப்பு விரிவான பெருநூலாக வந்தது. இடையில் 1949-இல் ஒலி மீட்பைப் பற்றியும், 1951-இல் பியானோவைப் பற்றியும், 1952-இல் ஒலிமிகைப்பிகளைப் பற்றியும் எழுதினார். 1962-இல் பெட்டிகள் செய்வதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் இத்தனை நூல்களை எழுதினார் என்பதை, ஒரு பருவத் தேர்வுக் கட்டுரைக்கே திணறும் நான் வியப்போடு எண்ணிப் பார்க்கிறேன்.

அந்நூல்களின் சிறப்பு அவற்றின் வெளிப்படையான போக்கு. தொழில் இரகசியம் என்று மூடி வைக்க வேண்டியவற்றை அவர் திறந்து வைத்தார். பெட்டியின் அளவு, துளையின் அளவு, மரத்தின் கனம், சோதனையில் கிடைத்த வரைபடம் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தார். படித்தவர்கள் தம் கையால் பெட்டி செய்தார்கள். இதில் வணிகமும் கலந்திருந்தது என்பது உண்மை. பெட்டி செய்பவர் ஒலிபெருக்கியை விலைக்கு வாங்கித்தானே ஆக வேண்டும்? ஆனால் விற்பனைக்காக மட்டும் எழுதுபவர் தம் சோதனைகளில் சரிவராதவற்றையும் எழுதமாட்டார். 1961-இல் ஒலித்துறையைச் சேர்ந்த பலரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். தம் துறையில் தம்மோடு உழைத்தவர்களை உலகம் மறந்துவிடக் கூடாது என்ற பெருந்தன்மை அதில் தெரிகிறது.

மணலும் செங்கல்லும்

வீட்டில் பெட்டி செய்பவர்களை வாட்டும் பெருந்தொல்லை ஒன்று உண்டு. ஒலிபெருக்கி பாடும்போது பெட்டியின் பலகைகளும் கூடவே பாடத் தொடங்கிவிடும். தாளம் தவறிய பக்கவாத்தியம்போல அந்த மரத்தின் முனகல் இசையைக் கெடுக்கும். நான் செய்த முதல் பெட்டி இவ்வாறுதான் முழங்கிற்று; எல்லாப் பாட்டிலும் ஒரே சுரம் கும்மென்று எழுந்து நின்றது. பலகையைத் தடிப்பாக்கினால் தொல்லை குறையும். ஆனால் விலை ஏறும்.

பிரிக்ஸ் கண்ட வழி மணல். இரண்டு மெல்லிய ஒட்டுப்பலகைகளை இடைவெளிவிட்டு நிறுத்தி, நடுவே உலர்ந்த மணலை நிரப்பினார். பலகை அதிர முனைந்தால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அதிர்வின் ஆற்றல் உராய்வில் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. பாரம் மிகுதியால் பலகையும் எளிதில் அசைவதில்லை. 1950-களில் இம்முறையில் அமைந்த மணற்பலகை ஒலிபெருக்கி ஒன்றை அவர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின்பக்கம் மூடிய பெட்டி கிடையாது. மணல் அடைத்த பலகையே அதன் உடல். அறையின் மூலையில் செங்கல்லால் சுவர் எழுப்பி, அதையே ஒலிபெருக்கிப் பெட்டியாக்கும் முறையையும் அவர் கையாண்டு காட்டினார். செங்கல் அதிராது, விலையோ சொற்பம்.

ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகள் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். மணலும் செங்கல்லும் எந்த ஊரில் இல்லை? கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு ஆற்று மணலும் ஆய்வுக்கூடப் பொருளாகிறது. இக்கட்டுரையை எழுதும் முன்பு நானும் என் பெட்டியின் பக்கப் பலகைகளை இரட்டையாக்கி மணல் நிரப்பினேன். கும்மென்ற அந்தச் சுரம் பெருமளவு அடங்கிவிட்டது. பெட்டியைத் தூக்குவதற்கு மட்டும் இப்போது இருவர் வேண்டும்!

அரங்கில் ஒரு தேர்வு

இனி நான் சொல்லப் போவது பிரிக்ஸ் வாழ்வின் உச்சம். ஒலிபெருக்கி விற்பவர்கள் எல்லாரும் தம் பொருள் அசலைப்போலவே ஒலிக்கும் என்று சொல்வது வழக்கம். கேட்பவரிடம் அசல் இல்லை. ஆகவே அச்சொல்லை மறுக்க வழியும் இல்லை. நகலை மட்டும் காட்டி அசல் இதுதான் என்று சொல்வது பாதுகாப்பான வணிகம். பிரிக்ஸ் அந்தப் பாதுகாப்பைத் தாமே உதறினார். அசலையும் நகலையும் ஒரே மேடையில், ஒரே கூட்டத்தின் முன்னால் நிறுத்தத் துணிந்தார்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ராயல் ஃபெஸ்டிவல் அரங்கு 1951-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரக்கூடிய பெரிய இசையரங்கு. 1954 நவம்பரில் பிரிக்ஸ் அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். குவாட் ஒலிமிகைப்பிகளை வடிவமைத்த பீட்டர் வாக்கர் அவருக்குத் துணையாக இருந்தார். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசித்தார்கள். அதே இசை பதிவிலிருந்து ஒலிபெருக்கிகள் வழியாகவும் ஒலித்தது. கேட்டவர்கள் தம் காதால் ஒப்பிட்டுக்கொண்டார்கள்.

இதிலுள்ள ஆபத்தை நாம் உணர வேண்டும். வாக்கரின் குவாட் 2 ஒலிமிகைப்பி ஒன்றின் திறன் 15 வாட்தான். இன்று ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு வைக்கும் கருவிகளின் திறனோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. வீட்டுக்கென்று செய்த ஒலிபெருக்கிகள் அத்தனை பெரிய அரங்கை நிரப்ப வேண்டும். அரங்கின் எதிரொலி வேறு இருக்கிறது. பதிவில் ஏற்கனவே ஓர் எதிரொலி அடங்கியிருந்தால், அரங்கு தன் எதிரொலியையும் அதன்மேல் சேர்க்கும்; இசை குழம்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டு வாங்கி வந்து அமர்ந்திருந்தவர்களில் பலர் தம் வீட்டில் பெட்டி செய்தவர்கள், அவர் நூல்களைப் படித்தவர்கள். அவர்களை ஏமாற்றுவது கடினம். அவர்கள் நம்பிக்கையை இழந்தால் இருபதாண்டுப் பெயர் ஒரே இரவில் போய்விடும். அறுபத்து மூன்று வயதில் ஒருவர் தம் பெயரைப் பணயம் வைத்தார்.

அரங்கு நிறைந்தது, நிகழ்ச்சி வென்றது. அடுத்த ஆண்டு, 1955 அக்டோபரில், கடல் கடந்து நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் அதே தேர்வை எழுதினார். அங்கும் கூட்டம் திரண்டது. பிறகும் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தினார். நகல் அசலுக்கு முற்றிலும் ஈடானது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஒலிபெருக்கியும் இன்றுவரை அந்த நிலையை எட்டிவிடவில்லை. இடைவெளி எவ்வளவு என்பதை மறைக்காமல் அளந்து காட்ட அவர் முன்வந்தாரே, அதுதான் பெரிது. தேர்வுத்தாளைத் தாமே திருத்திக்கொண்டு தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் உலகில், தம் தாளை மூவாயிரம் பேரிடம் திருத்தக் கொடுத்தவர் அவர்.

அந்திக் காலம்

1958-இல் தம் நிறுவனத்தை ராங்க் என்னும் பெரிய குழுமத்துக்கு விற்றார். விற்ற பிறகும் சில ஆண்டுகள் பணியில் இருந்து, 1965-இல் ஓய்வு பெற்றார். அவரிடம் பணிபுரிந்து, அவர் நூல்களுக்கும் துணை நின்ற ரேமண்ட் குக் 1961-இல் பிரிந்துபோய்க் கே.இ.எஃப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றியதுபோல் ஆயிற்று.

ஓய்விலும் பிரிக்ஸ் சும்மா இருக்கவில்லை. 1967-இல் மனிதச் செவியைப் பற்றியும் செவித்திறனைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் ஒலி எழுப்பும் கருவியை ஆராய்ந்தவர், இறுதியில் ஒலியை வாங்கும் கருவியிடம் வந்து சேர்ந்தது மிகவும் இயல்பானதே. வயது ஏற ஏற உச்ச சுரங்கள் காதுக்கு எட்டாமல் போவது இயற்கை. இசையையே உயிராகக் கொண்டவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு! ஆனால் அந்த இழப்பையும் ஆராய்ச்சிப் பொருளாக நோக்கும் மனம் அவருக்கு இருந்திருக்கிறது. 1978 ஜனவரியில், எண்பத்தேழு வயது நிறைந்த நிலையில், அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் இத்துறை வெகுவாக மாறிவிட்டது. நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்தளித்த கணக்குகளைக் கொண்டு, பெட்டியின் கொள்ளளவையும் துளையின் நீளத்தையும் இன்று கணிப்பொறி நொடியில் சொல்லிவிடுகிறது. பிரிக்ஸ் நாட்கணக்கில் மரத்தை அறுத்து அறுத்துக் கண்டுபிடித்ததை நாம் திரையில் பார்த்துக்கொள்ளலாம். இருந்தும் ஒரே கூம்பு கொண்ட முழுவீச்சு ஒலிபெருக்கியை வாங்கி, பலகையை அறுத்து, பசை தடவி, இரவெல்லாம் காத்திருந்து, விடிந்ததும் முதல் பாட்டைக் கேட்பவர்கள் உலகின் பல மூலைகளிலும் இன்றும் இருக்கிறார்கள். கணக்கு எதையும் செய்து தரும். அந்த முதல் பாட்டின் மகிழ்ச்சியை மட்டும் கைகள்தாம் தர வேண்டும்.

நான் கற்ற பாடம்

நண்பர்களே, நம்மில் பலர் இந்த ஆண்டோடு கல்லூரியை விட்டு வெளியேறுகிறோம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்குமா என்ற அச்சம் நம் எல்லாரையும் வாட்டுகிறது. இருபத்தொரு வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டதுபோல் சிலர் பேசுகிறார்கள். நாற்பத்தொரு வயதில், நம்பியிருந்த தொழில் கண்ணெதிரே சரிந்தபோது, நிலவறைக்குள் இறங்கிக் கம்பியும் காகிதமும் காந்தமுமாகப் புதிய வாழ்க்கையைத் தொடங்கியவரை நான் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவரிடம் பட்டம் இல்லை. தாம் நேசித்த ஒன்றைச் சரியாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது.

மற்றொரு பாடமும் உண்டு. அது இன்னும் கடினமானது. நாம் செய்ததை அசலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் துணிவு. கவிதை எழுதுகிறவர் பெருங்கவிஞர்களின் பக்கத்தில் தம் கவிதையை வைத்துப் பார்க்கட்டும். ஆய்வேடு எழுதுகிறவர் தம் முடிவை மாற்றார் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லட்டும். வெட்கம் வரும், குறை தெரியும். குறை தெரிந்த இடத்திலிருந்துதான் அடுத்த படி தொடங்குகிறது.

என் அறையின் மூலையில் மணல் நிரப்பிய அந்தப் பெட்டி இன்றும் இருக்கிறது. முன்பு சிரித்த தோழர்கள் மாலையில் அதன்முன் வந்து அமர்கிறார்கள். அதில் வரும் நாகசுரம் கோயில் வாசலில் கேட்கும் நாகசுரம் ஆகிவிடவில்லை. அந்தத் தொலைவு எனக்குத் தெரியும். ஆனால் மேசைமேல் கிடந்து மூக்கால் பாடிய அந்த ஆறு அங்குல ஒலிபெருக்கி அங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மீதித் தூரத்தை நடக்க விரும்புகிறவர்கள் ஒரு பலகையும் அறுக்கும் வாளும் எடுத்துக்கொண்டு வரலாம். மணல் என்னிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.